காரில் விழுந்த பலாப்பால்

இன்று காலை என் முதலாளி தவுக்கேயின் காரைத் துடைக்கப் போனபோது, என்ஜினின் முன்மூடியின் நடுவில் ஒரு சொட்டுப் பலாப்பால் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. நேற்று உஜோங் பாசிரில் ஒரு கல்யாண வீட்டுக்கு வெளியே மரத்தடியில் நிறுத்தியதற்குக் கிடைத்த மொய். மிளகு அளவுதான். ஆனால் கறுப்புப் பெயிண்டில் அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. தண்ணீருக்கு அசையாது, நகத்தால் சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து வரும். இந்தப் பொட்டைப் பார்த்தால் என் கை தானாகத் தலைக்குப் போகும். எனக்கு முன்னால் இந்தக் காரை ஓட்டியவர் என் மச்சான், என் அக்காவின் வீட்டுக்காரர்.

நாடெல்லாம் மெர்டேக்கா, சுதந்திரம் என்று பேச்சாக இருந்த காலம் அது. மலாக்காவில், காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு சைக்கிள் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். வாய்த்துடுக்கை மட்டும் எதற்கும் விட்டதில்லை. அக்காவுக்கு இதயத்தில் கோளாறு. பாதம் வீங்கும், நான்கு அடி நடந்தால் மூச்சு வாங்கும். மூச்சு அடைத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். மச்சான் இதைத் தெங்கேராவில் இருந்த தன் சீன முதலாளியிடம், அதாவது இதே தவுக்கேயிடம், போய்ச் சொன்னார். தவுக்கே யோசித்துவிட்டு, மாலையில் காரை வீட்டுக்கே எடுத்துப்போகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: காலையில் கார் வரும்போது அதன் மேல் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது.

எங்கள் சந்தில் கார் நிற்கக்கூடிய இடம் ஒன்றுதான். அதற்கு மேலே பக்கத்து வீட்டுப் பலா மரம் கிளை நீட்டியிருந்தது. அணிலும் வௌவாலும் கடித்த காய்களிலிருந்து பால் சொட்டிக்கொண்டே இருக்கும். சாக்குப் போட்டு மூடிப் பார்த்தோம். காலையில் சாக்கும் காரும் பிரிய மனமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. மச்சான் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். பெயிண்ட் மங்க ஆரம்பித்ததும் பயந்து நிறுத்திவிட்டார். சன்னல் ஓரத்தில் சாய்ந்திருந்த அக்காதான் சத்தம் போட்டாள்.

“ஏங்க, பலாப்பழம் அறுக்கும்போது கையில என்ன தடவுவோம்? தேங்காண்ணெய போட்டுட்டு சும்மா இருங்க. தேய்க்காதீங்க. ஊறட்டும்.”

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் காருக்கு எண்ணெய் வைக்கும் சடங்கு. பொட்டின் மேல் எண்ணெய், கொஞ்ச நேரம் காத்திருப்பு, பிறகு பழைய வேட்டித் துணியால் ஒரே திசையில் ஒரு துடைப்பு, கடைசியில் சவுக்காரத் தண்ணீர். நான் படியில் உட்கார்ந்து வம்பிழுப்பேன்.

“மச்சான், எனக்கே தீபாவளிக்குத்தான் எண்ணெய்க் குளியல். இதுக்குத் தெனமுமா? நாட்டுக்கு மெர்டேக்கா வந்தாலும் உங்களுக்கு இந்த மரத்துகிட்டேருந்து மெர்டேக்கா கெடையாது.”

“வாய மூடிக்கிட்டுத் துணியப் பிழிடா மாப்ளே.”

அக்காவையும் விடமாட்டேன். “நீ எப்பக்கா இதுல தொரசாணி மாதிரி ஏறப் போற?”

“நான் ஏறுற அன்னிக்கு நீ சிரிக்க மாட்டடா” என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

கிளையை வெட்டிவிட்டால் தீர்ந்தது. ஆனால் மரத்துக்காரர் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய வம்சம். அம்மனைக் கும்பிடுவார், தமிழ் வராது, மலாய்தான். அந்த வருடக் காய்களை அம்மன் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்டிருந்தார். பூசை முடியும்வரை மரத்தில் கத்தி படக் கூடாது. “லெப்பாஸ் செம்பாயாங், பாரு போலே” என்றார், பூசைக்கு அப்புறம்தான் என்று, தன் மேலேயே தப்பு இருப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு. “சாமி காய் சாமிக்கு. நாம தொடச்சிக்குவோம்” என்று அக்கா முடித்துவிட்டாள்.

திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு காலையில் மச்சான் துடைத்துக்கொண்டிருக்கையிலேயே அவளுக்கு மூச்சு அடைத்தது. நான்தான் தூக்கிவந்து முன் சீட்டில் உட்காரவைத்தேன். கனமே இல்லை. அவள் சொன்னபடியே நான் சிரிக்கவில்லை. கார் சந்து முனையைத் தாண்டும்போது, கண்ணாடி வழியாக முன்மூடியைப் பார்த்து, விட்டு விட்டுச் சொன்னாள்.

“ஒரு பொட்டு... விட்டுட்டீங்க.”

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய் எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். வெயில் ஏறியது. மச்சான் காரிடம் போனார். எண்ணெய்ப் புட்டி வீட்டில் கிடந்தது. அவர் உள்ளங்கையால் தன் தலையை அழுத்தித் தடவினார். எண்ணெய் வைத்து வாரிய தலை. அந்தக் கையை அப்படியே பொட்டின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

“தேய்க்கக் கூடாதுடா மாப்ளே. ஊறணும்” என்றார்.

நர்ஸ் மிஸ்ஸி வெளியே வந்து கூப்பிட்டபோதும் அவர் கை அங்கேயேதான் இருந்தது. மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மச்சான் வேட்டி நுனியை எடுத்து, ஒரே திசையில் ஒரே ஒரு முறை துடைத்தார். பொட்டு இருந்த இடமே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் உள்ளே போனார்.

காரியம் முடிந்ததும் காரைத் தெங்கேராவில் விட்டுவிட்டு நடந்தே வந்தார். தவுக்கே வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லியும் கேட்கவில்லை. திருவிழா முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே, ஏணி வைத்து அந்தக் கிளையை வெட்டினார். கீழே வெறும் தரை. மச்சான் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வருடம் திரும்புவதற்குள் எனக்கு ஓட்டப் பழக்கி, தவுக்கேயிடம் சொல்லி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு மூவாருக்குப் போய்விட்டார். அங்கே பஸ் ஓட்டுகிறாராம்.

நான் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, கிரீம் போடுகிற ஆள். சிவாஜி கணக்காக இல்லாவிட்டாலும் ஒரு சுருள் நெற்றியில் நிற்கும். ஆனாலும் கை முதலில் தலைக்குத்தான் போகிறது. இன்றும் போனது. பிறகு தவுக்கே வீட்டுச் சமையலறையில் எண்ணெய் வாங்கிவந்து, பொட்டின் மேல் வைத்து, விரலை எடுக்காமல் நின்றேன். தவுக்கே வாசலில் இருந்து காரை எடுக்கச் சொல்லிக் கத்துகிறார், நேரமாகிறதாம்.

ஊறட்டும் தவுக்கே.