மாமி வாய்விட்டுப் படிக்காத வரி

மேஸ்திரியிடம் பென்சில் இல்லை. அணைந்த அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு, "மாமி, இப்டி செவுத்தாண்ட வந்து நில்லு. சப்பாத்தி மாவு பெசையற மாதிரி கைய மடக்கு" என்றார். எங்கள் வீட்டுச் சமையல் மாமி புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பவரைப் போல விறைப்பாக நின்றார். அவர் முழங்கைக்கு நாலு விரல் கீழே மேஸ்திரி ஒரு கோடு இழுத்தார். "மேடை இவ்ளோ ஒசரம் வரும். செரியா கீதா?" மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மேடை முன்னால் மாமி ஒரு நாள்கூட நின்று சமைக்கப்போவதில்லை என்பது அங்கே நின்ற மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய தெருவில், மாமனார் விட்டுப்போன சின்ன வீட்டில் இருந்தோம். என் கணவருக்கு பாங்க்கில் வேலை. நான் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஏழரை மணிக்கு நான் பஸ் பிடிக்க வேண்டும் என்பதால், மாமி திருவல்லிக்கேணியிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி வந்துவிடுவார். ஐம்பதை நெருங்கிய வயது. கணவர் இல்லை, குழந்தைகள் இல்லை. கண் பார்வை மங்கிப்போன அக்காவுடன் ஒரே ஓர் அறையில் குடியிருந்தார். ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் தரையோடு இருந்த விறகடுப்பின் முன்னால் குந்தி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒரு நாளும் என்னைப் பட்டினியாக பஸ் ஏற விட்டதில்லை. குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்றால் சாயங்காலமும் இருந்து பார்த்துக்கொண்டு போவார்.

பெயர் கொடுத்து மூன்று வருஷம் காத்திருந்த கேஸ் இணைப்புக்கு ஒருநாள் கடிதம் வந்தது. அடுப்பு வந்தால் அதை வைக்க மேடை வேண்டும். மேடை வந்தால் பாத்திரம் தேய்க்கத் தொட்டி, தொட்டி வந்தால் குழாய், கரி படிந்த சுவருக்கு வெள்ளை டைல்ஸ் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக ஆசை வளர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் என் கணவரும் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மேஸ்திரி சொன்ன தொகையைக் கேட்டபோதே அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. டைல்ஸை நாலு வரிசையிலிருந்து இரண்டாக்கினோம். அலமாரிக் கதவுகளைக் கணக்கிலிருந்து எடுத்தோம். ஜன்னலைப் பெரிதாக்குவதை விட்டுவிட்டோம். அப்படியும் பாங்க்கில் கடன் வாங்கினால்தான் ஆகும். அதற்குச் சம்பளத்தில் மாதம் எழுபது ரூபாய் பிடிப்பார்கள்.

கேஸ் வந்தபின் மாமி எதற்கு என்று கேட்டது என் கணவர் என்றுதான் பல வருஷம் பலரிடமும் சொல்லிவந்தேன். அது பொய். கேட்டது நான். "புகை கிடையாது, விறகு கிடையாது. ஒரு மணி நேரத்துல நானே முடிச்சுடுவேன்" என்றேன். அவர், "அப்படின்னா இப்பவே சொல்லிடு. வேற எடம் பாத்துப்பா, பாவம்" என்றார். அதற்கும் நான்தான் பதில் சொன்னேன். "வேலை முடியட்டும். இடிச்சுப் போட்டிருக்கற மூணு வாரமும் யார் சமைக்கறது?" ஃபுல்ஸ்காப் தாளில் செங்கல், சிமெண்டு, கடப்பா கல், கூலி என்று வரிசையாக எழுதியிருந்தேன். அதற்கெல்லாம் அடியில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதும் அதே குண்டு எழுத்தில், 'மாமி சம்பளம் ரூ. 55, நிறுத்தினால் மிச்சம்' என்று எழுதினேன். தாளை மடித்து சமையலறைக் காலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்தேன். மேஸ்திரிக்குப் பணம் கொடுக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்க்க அது தோதான இடம்.

வேலை ஆரம்பித்ததும் சமையல் கிணற்றடிக்குப் போனது. மேலே ஒரு தகரம், கீழே மண்ணெண்ணெய் ஸ்டவ், சுற்றிலும் சிமெண்டுப் புழுதி. மாமி குழம்புப் பாத்திரத்தை ஒரு தட்டால் மூடி, அந்தத் தட்டை இன்னொரு துணியால் மூடிச் சமைத்தார். வேலைக்கு நடுவே மேஸ்திரியையும் விடமாட்டார். புளி, உப்பு ஜாடிக்குக் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு மாடம் வேண்டும், தொட்டி ஜன்னல் பக்கம் வந்தால்தான் வெளிச்சத்தில் பாத்திரத்தின் பிசுக்குத் தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்ய வைத்தார். பரணில் கிடந்த பழைய பலகைகளை இறக்கிக் கொடுத்து அலமாரிக்குக் கதவு அடிக்கச் செய்தவரும் அவர்தான். "இனிமே ஒக்காந்து எழுந்துக்கற பாடு கெடையாது. நம்ம மேடை வந்துடட்டும்" என்று என் குழந்தைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பார். நான் கேட்காததுபோல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாளிலிருந்து 'நம்ம மேடை' என்ற பேச்சு நின்றுபோயிற்று. எனக்கு அது தெரியாமல் இல்லை. புழுதியில் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சமையலில் ஒரு குறையும் இல்லை. முன்னைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

வேலை முடிந்து புது அடுப்பில் பால் காய்ச்சினோம். பொங்கி வந்த பாலை மாமிதான் இறக்கினார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவரே, "நாளைலேர்ந்து நான் வரலைம்மா. எங்க தெருவுக்குப் பக்கத்துலயே ஒரு ஆத்துல கூப்பிட்டிருக்கா. நடந்தே போயிட்டு வந்துடலாம். முழங்கால் பஸ் ஏற விடமாட்டேங்கறது" என்றார். எனக்குள் ஏதோ இளகி இறங்கியது. வருத்தம் இல்லை, நிம்மதி. அதை மறைக்க, "என்ன மாமி, இப்படி திடீர்னு சொல்றேளே" என்று கோபித்துக்கொள்வதுபோல் பேசினேன். நல்லதாக ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன். அதைக் கொடுத்தபோது என்னைப் பற்றி எனக்கு நல்ல எண்ணமே இருந்தது.

புது மேடை எனக்கு நாலு அங்குலம் தாழ்வு. குனிந்து குனிந்து சமைத்ததில் முதுகுவலி வந்தது. இன்று என் மகன் வீட்டுச் சமையலறைக்கு வரைபடம் போட வந்த பெண், "ஆன்ட்டி, சமைக்கறவங்க யாரு? அவங்க உயரம் என்ன?" என்று முதலில் கேட்டாள். மேஸ்திரி மாமியை நிறுத்திக் கோடு இழுத்த அன்று, சமைக்கப்போவது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமி போய் நாலு மாதம் கழித்துத் தொட்டியில் தண்ணீர் ஒழுகியது. மேஸ்திரி வந்தார். வேலை பார்த்துக்கொண்டே, "இன்னாம்மா, நீயே சமைக்கிறியா?" என்றார். மாமி வேறு இடம் கிடைத்துப் போய்விட்டார் என்றேன். மேஸ்திரி பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அத்தெல்லாம் இல்லம்மா. அந்தக் காலண்டர நான் கயட்டினேன் பாரு, ஒரு சீட்டு வியுந்துச்சு. நம்ம கூலிக் கணக்குன்னு நெனச்சேன். எனக்குப் படிக்க வராது. மாமியாண்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். சிமிட்டி இவ்ளோ, கல்லு இவ்ளோன்னு அல்லாத்தையும் படிச்சுது. கடசீல நிறுத்திக்கிச்சு. அது இன்னா மாமின்னு கேட்டேன். 'அது ஒனக்கு இல்லப்பா, எனக்கு'ன்னுச்சு. சீட்ட மடிச்சு ஜன்னல்ல வெச்சுட்டு, போய் கொயம்பு கெளற ஆரம்பிச்சுடுச்சு."

தாள் ஜன்னல் விளிம்பில் இருந்ததும், நான் அதை எடுத்து மறுபடி சொருகியதும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. அதற்குப் பிறகும் பத்து நாள் அவர் எங்களுக்குப் புழுதியில் உட்கார்ந்து சமைத்திருக்கிறார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுத் திருவல்லிக்கேணிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டு, திரும்ப வரச்சொல்லிக் கூப்பிடுவது என்று முடிவு செய்திருந்தேன். காலை எட்டரை மணி. வேலைக்குப் போகிற சமையல்கார மாமி யாரும் வீட்டில் இருக்கிற நேரம் இல்லை. மாமி இருந்தார். அறை முழுக்க முறங்களிலும் பழைய செய்தித்தாள்களிலும் அப்பளம். மூலையில் அவருடைய அக்கா உளுந்துமாவைத் தடவித் தடவி உருட்டிக்கொண்டிருந்தார். மாமி அவசரமாக ஒரு முறத்தை நகர்த்தி எனக்கு இடம் பண்ணினார். காபி போட்டார். குழந்தைகள் ஒவ்வொருவரையும் விசாரித்தார்.

மன்னிப்பு என்ற வார்த்தையை நாக்கில் வைத்துக்கொண்டே, "புது எடம் எப்படி மாமி?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன, சௌகரியமா இருக்கு" என்றார் மாமி. "இன்னிக்கு அவா ஊருக்குப் போயிருக்கா."

அங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். அந்த வீடு உண்மையில் இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. "ஆத்துல எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

அவர் ஓர் அப்பளத்தைத் திருப்பிப் போட்டார். "நாலு பேர். ரெண்டு கொழந்தைகள். பெரியவனுக்கு ரசம் தெளிவா இருந்தாத்தான் எறங்கும். சின்னது பாகக்காயைக் கண்டா ஓடிப்போயிடும். அந்தப் பொண்ணு வேலைக்குப் போறவ. பாவம், கார்த்தால அவளுக்கு மூச்சு விட நேரம் கெடையாது."

தெளிவு ரசம் கேட்பவன் என் மகன். பாகற்காய்க்கு ஓடுபவள் என் மகள். வேண்டுமென்றே சொன்னாரா, பொய் சொல்லத் தெரியாமல் தனக்குத் தெரிந்த வீட்டைச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் முகத்தில் குத்தல் இல்லை. அப்போது நான் அழுதேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அழவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல மனுஷாளா கெடைச்சுட்டா. சந்தோஷம் மாமி" என்றேன்.

"ஆமாம்மா, நல்ல மனுஷாதான்" என்றார். பிறகு வாசல்வரை கூடவே வந்து, மயிலாப்பூர் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கை நீட்டிக் காட்டினார்.