எலிசபெத் அக்கா படம் காட்டிய ஞாயிற்றுக்கிழமைகள்

ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது செய்தி வந்தது. எலிசபெத் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். பனிமூட்டத்தில் எதிர்க்கடைகூடத் தெரியவில்லை. பஸ் வந்தது, நான் ஏறவில்லை.

எங்கள் மலையூர் மாரமங்கலத்துக்காரர்களுக்கு அவர் பிரசவம் பார்த்த நர்ஸ். அவரோடு மருந்தகத்தில் வேலை பார்த்த எனக்கு, ஞாயிறு மதியங்களில் சர்ச் கூடத்தில் படம் காட்டியவர். எல்லாம் வெளிநாட்டு நகைச்சுவைப் படங்கள். திரைக்குப் பக்கத்தில் நின்று, வசனத்தை நம் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு போவார். எதிர்பாராமல் கர்ப்பமான பெண்ணின் கதையாகவே தேடிப் பிடிப்பார். அவளைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டோம். அவளைச் சுற்றித் தடுமாறுகிறவர்களைப் பார்த்துத்தான் சிரிப்பு வரும்.

"அழுவாச்சிப் படத்துல அந்தப் புள்ளையக் கடைசில கொன்னு போடறாங்க கண்ணு. இதுல அவ சோறு திங்கறா, சண்டை போடறா, உசுரோட இருக்கறா" என்பார்.

அதற்குக் காரணம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் பக்கத்து எஸ்டேட் கிணற்றிலிருந்து ஒரு பெண்ணின் உடலை எடுத்தார்கள். கால் தவறி விழுந்தாள் என்றார்கள். அவளைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது மேடிட்ட வயிற்றைக் கண்ட அக்கா அதை நம்பவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு. அந்த வாரம் மருந்தகத்தில் கர்ப்பம் என்று தெரிந்து அழுத பெண் தன் அப்பாவோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளோடு பழகியவன் கைவிட்டுப் போய்விட்டான். படம் முடிந்து வீடு போகும் வழியில் தானே அப்பாவிடம் சொல்லிக்கொள்வதாக அக்காவிடம் சொல்லியிருந்தாள். அப்பாவோ, கோபத்தில் சொந்த மாட்டின் காலை முறித்த மனிதர்.

படத்தில் பெண்ணின் அப்பா விஷயம் கேட்டுச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு டாக்டரைத் தேடி ஓடினார். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. இந்த அப்பாவும் ஒருமுறை சிரித்தார். உடனே வாயைத் துடைத்துக்கொண்டார்.

படம் முடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். அக்காவும் நானும் தூரத்தில் பின்தொடர்ந்தோம். தூறலும் பனியும், செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் அவள் குரல். பிறகு செருப்புச் சத்தமும் நின்றது. வெகுநேரம் கழித்து மறுபடி நடந்தார்கள். வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. வேலியோரம் நின்றோம். திடீரென்று கொல்லையில் அரிவாள் வெட்டு விழும் சத்தம்.

அக்கா ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். அந்தப் பெண்தான் திறந்தாள்.

"அப்பா வெறகு ஒடைக்கறாருங்க சிஸ்டர். நா நனைஞ்சுட்டேனாம், தண்ணி காயவெக்கோணுமாம். வேற ஒண்ணுமே பேசலீங்க."

கொல்லையில் அவர் தலை நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

திரும்பும் வழியில் அக்கா பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"நொம்பப் பயந்துட்டேன் கண்ணு. எல்லாரும் இவராட்ட இருக்கமாட்டாங்க. ஆனா சிரிச்ச மனுசன் கை ஓங்கறதுக்குச் செத்த நேரமாகும். அதுக்குள்ள நாம போயி நின்னுக்கலாம்."

எல்லா முறையும் அப்படிப் போய் நிற்க முடியவில்லை. இந்தப் படங்கள் பிடிக்காத யாரோ ஒருநாள் கூடத்தின் கண்ணாடியை உடைத்தார்கள். அதன்பின் அக்கா தன் வீட்டிலேயே படம் போட்டார்.

அடக்கத்துக்கு அந்தப் பெண் தன் மகளோடு வந்திருந்தாள். பேசியவர்கள் எல்லோரும் எலிசபெத் அக்கா பயமே அறியாதவர் என்றார்கள். அவர் நன்றாகவே பயந்தவர். பயந்துகொண்டே கதவைத் தட்டியவர். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பயத்தைத்தான்.

நேற்று மருந்தகத்தில் ஒரு பெண் ஒன்றும் கேட்காமல் வெகுநேரம் நின்றாள். அவளை உட்காரச் சொன்னேன். வெளியே மோட்டார் சைக்கிளில் ஒருவன் காத்திருந்தான். பயந்துகொண்டே எழுந்துபோய் அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.