மூன்றாம் தடவை பிரிக்கும்போது

கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் குஷன்காரருக்கு வாய் நீளம். கடைக்கு வருகிறவர்களிடம் சட்டையைத் தூக்கி வயிற்றுத் தழும்பைக் காட்டி, "ரெண்டு தடவை பிரிச்சுத் தைச்சாச்சு, கம்பெனி தையல்!" என்று சிரிப்பார். முதல் தடவை குடல்வால் வெடித்தபோது. அடுத்தது குடல் முறுக்கிக்கொண்டபோது. இப்போது ரெக்சின் கட்டைத் தூக்கினால் அந்தத் தழும்பு வழியாகவே குடல் பிதுங்கியது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "பழைய ஆபரேஷனால உள்ள குடல் வயித்துச் சுவரோட ஒட்டிப் போயிருக்கலாம். பிரிக்கும்போது கிழிய வாய்ப்பிருக்கு. பயந்து அப்படியே விட்டா, என்னைக்காவது குடல் மாட்டி அழுகிடும். அப்ப அவசரத்துல திறக்கிறது இதைவிட ஆபத்து."

அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஒட்டல் என்றால் என்னவென்று அவருக்கா தெரியாது? பசை போட்ட பழைய சீட்டைப் பிரித்தால் துணியோடு ஸ்பாஞ்சும் பிய்ந்து வரும். பள்ளத்தில் கந்தலைத் திணித்து, மேலே புது ரெக்சினை இழுத்துத் தைத்து, கமுக்கமாக அனுப்பிவிடுவார். எத்தனை பேர் அந்தக் கந்தல்மேல் உட்கார்ந்து போகிறார்களோ! டாக்டரும் பிரித்துத் தைக்கிறவர்தானே என்ற நினைப்பு அவரை விடவில்லை.

"கிழிஞ்சா நம்மகிட்ட சொல்வாங்களா?" என்று மனைவியைப் பிடுங்கி எடுத்தார்.

"ஏங்க, எனக்கென்ன தெரியும்? வாயைத் திறந்து அவங்களையே கேளுங்க."

ஆபரேஷன் அறை வாசலில், தள்ளுகட்டிலில் படுத்தபடியே கேட்டுவிட்டார். "டாக்டரம்மா, உள்ள ஏதாவது கிழிஞ்சா மறைக்காம சொல்லுவீங்களா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கிழிஞ்சா அங்கேயே தைப்பேன். நீங்க கண்ணு முழிச்சதும் உங்ககிட்டதான் முதல்ல சொல்வேன்."

கண் விழித்தபோது மூக்கில் குழாய் இருந்தது. கட்டிலோரம் டாக்டரம்மா நின்றிருந்தார்.

"ஒரு இடத்துல கிழிஞ்சிடுச்சுங்க. உடனே பார்த்துத் தைச்சுட்டேன். இந்த வாரம் தையல் கசியாம இருக்கணும். அதுவரைக்கும் எனக்கும் பயம்தான்."

டாக்டரம்மா போனதும் குஷன்காரர் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் உதடு அசைவதைக் கண்டு அவள் பதறிக் குனிந்தாள்.

"போன வாரம் ஒரு டாக்சிக்காரருக்கு சீட்டு தைச்சுக் குடுத்தேனே... அவருக்குப் போன் போடு. உள்ள கந்தல் இருக்குன்னு சொல்லிடு."