‘வாரேனுங்க’ என்றொரு ஃபைல்

நேற்று சரவணம்பட்டி ஆபீசில் பழைய சர்வர் ஒன்றை மூடுவதற்கு முன், உள்ளே என்னென்ன கிடக்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூலையில் ‘வாரேனுங்க’ என்ற பெயரில் ஒரு ஃபைல். உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. பக்கத்து சீட்டுப் பெண், “குப்பைங்களா சார், அழிச்சரலாமா?” என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கண் மருத்துவமனைக்குப் புரோகிராம் எழுதினேன். அதன் கருமத்தம்பட்டிக் கிளையில் இருந்த ஸ்டெல்லா, ஆபரேஷனுக்குத் தேர்வானவர்களின் பட்டியலை எங்கள் சர்வருக்கு ஏற்றுவார். என் புரோகிராம் அதை எடுத்து, என்றைக்கு வரவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பும். பட்டியல் முழுதாக ஏறிவிட்டதென்று அதற்கு எப்படித் தெரியும்? ஃபைலின் அளவு இரண்டு நிமிடம் கூடாமல் நின்றால் முடிந்தது என்று எழுதிவைத்தேன். என் முதுகில் நானே தட்டிக்கொண்ட புத்திசாலித்தனம் அது.

கருமத்தம்பட்டியில் கரண்ட் போகும் என்பதை மறந்துவிட்டேன். தறிச் சத்தம் சட்டென்று அடங்கும், இன்டர்நெட்டும் கூடவே போகும். ஒருநாள் அப்படிப் பாதியில் நின்ற பட்டியலை முழுசென்று எடுத்து என் புரோகிராம் வேலையை முடித்துக்கொண்டது. ஸ்டெல்லா மறுபடி ஏற்றியதை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மதுக்கரை வேலுச்சாமியின் பெயர் பட்டியலின் அடியில் இருந்தது. சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது, இன்னொன்றும் மங்கிக்கொண்டிருந்தது. துணிப்பையைத் தயாராகக் கட்டிவைத்துக்கொண்டு செல்போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். ஆபரேஷன் நாள் கழிந்ததும் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்: “ஏனுங்க அம்மணி, என்னய மறந்துபோட்டீங்களாங்க?”

ஸ்டெல்லா அதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாகிப்போனது. “ரெண்டு நிமிசத்தப் பத்து நிமிசமா ஆக்கிப்போடறேனுங்க” என்றேன்.

“ஏனுங்க சார், ஊட்டுக்கு வந்தவிங்க பேச்ச நிறுத்துனா கெளம்பீட்டாங்கன்னா அர்த்தம்? வாரேனுங்கன்னு சொன்னாத்தானுங்களே கெளம்புனது! நானும் சொல்லீட்டே போறனுங்க.”

அப்படியே செய்தார். பட்டியல் ஏறியபின், பெயர்களை எண்ணிச் சரிபார்த்துவிட்டு, ‘வாரேனுங்க’ என்ற காலி ஃபைலை ஏற்றுவார். அது வரும்வரை புரோகிராம் பட்டியலைத் தொடாது; பட்டியலை எடுத்ததும் அந்தக் காலி ஃபைலை அழித்துவிடும். நாலு வருஷம் படித்த எனக்கு இது தோன்றவில்லையே! வாரேன் என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று இன்னும் அரைமணி நேரம் பேசுகிற ஊர்தான், ஆனாலும் சொல்லாமல் கிளம்பமாட்டோம். அதற்கப்புறம் ஒரு பெயரும் விடுபடவில்லை. வேலுச்சாமிக்கு அடுத்த முறை ஆபரேஷன் நடந்தது. கட்டு அவிழ்த்ததும் அந்த எஸ்எம்எஸ்ஸைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாராம்.

பிறகு கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்து ஸ்டெல்லா போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு ரொம்ப நாள் மனத்தாங்கல். இப்போது ஃபைல் முழுதாக வந்ததை, பழைய சர்வருக்குப் பதிலாக வந்த கிளவுடே தெரிவித்துவிடுகிறது. ஒரு குறையும் இல்லை, யாரும் வாரேன் என்று சொல்வதும் இல்லை.

அழிப்பதற்கு முன் அந்த ஃபைலின் தேதியைப் பார்த்தேன். ஸ்டெல்லா வேலையை விட்ட நாள். அன்றைக்குப் பட்டியலே இல்லை, இது மட்டும் தனியாக வந்திருக்கிறது. ‘பட்டியலைக் காணோம்’ என்று என் புரோகிராம் அதைப் பிழையாகக் குறித்து மூலையில் ஒதுக்கிவிட்டது.

சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறார். இத்தனை வருஷமாக நான்தான் பார்க்கவில்லை.