நூற்றெண்பத்தேழாம் ஃபாரம்

சண்முகப்பிரியா தெருவில் வந்தால் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மீதிப் பேர் "வந்துட்டாடி ஒண்ணுலேர்ந்து அஞ்சு" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். எதைக் கேட்டாலும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு நம்பர் சொல்லச் சொல்கிற பெண்ணுக்கு ஊர் வைத்த பெயர் அது. அவள் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டால் ஃபாரம் நிரம்பாது.

2014இல் அவளுக்கு முப்பத்து மூன்று வயது. ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். அதோடு பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு. தலைப்பு, துணி துவைக்கும் சோப்புத்தூளில் வாடிக்கையாளர் விசுவாசம். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் நெய்வேலியில் ஒரு வெள்ளை வேட்டியைக் காயப்போட்டுவிட்டு மத்தியானம் வந்து பார்க்க வேண்டும். சாம்பல் காற்று வீசுகிற நாளில் கொடியிலேயே வேட்டிக்கு வயதாகிவிடும். நிலக்கரி மைன்ஸ் போய்வருகிற ஆளுடைய சட்டையைத் துவைக்கிறவளிடம் சோப்புத்தூளைப் பற்றி விளையாட்டாகப் பேச முடியாது.

படிப்பு அவளுடைய அம்மா சாமியம்மாளின் ஆசை. கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்தவள். டவுன்ஷிப் பிளாக்குகளில் இருபத்திரண்டு வருஷம் கான்ட்ராக்டில் தெருக் கூட்டினாள். பெர்மனன்ட் ஆகும் ஆகும் என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டு, ஆகாமலேயே 2011இல் போய்ச் சேர்ந்தாள். மகள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் கடைசிவரை அவள் பேச்சு. அந்தப் பட்டத்துக்கான பதிவு 2014 டிசம்பர் முப்பத்தொன்றோடு காலாவதியாகிறது. அதற்குள் ஆய்வேட்டில் வழிகாட்டி பேராசிரியர் அறிவுச்செல்வன் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் ஆறு வருஷ உழைப்பும் குப்பைக்குத்தான்.

ஆய்வில் அவள் பிடித்துக்கொண்ட முறைக்குக் கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரி என்று பெயர். பெயர்தான் பயமுறுத்தும், சங்கதி எளிது. விசுவாசம், திருப்தி, நம்பிக்கை இதையெல்லாம் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நேராகக் கேட்டாலும் ஒழுங்கான பதில் வராது. அதனால் காகிதத்தில் அவற்றை வட்டமாகப் போட வேண்டும். கேட்கக்கூடிய சின்னச் சின்னக் கேள்விகளைக் கட்டமாகப் போட வேண்டும். கடையில் அது இல்லாவிட்டால் அடுத்த கடைக்குப் போவீர்களா, விலை ஏறினாலும் வாங்குவீர்களா, இப்படி. கட்டங்களில் விழுகிற நம்பர்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து ஆடுகின்றன என்று பார்த்து, பின்னால் வட்டம் இருக்கிறதா, அது எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும்.

புதிதாகக் கற்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பை அவளும் செய்தாள். கட்டத்திலிருந்து வட்டத்துக்கு அம்பு போட்டாள். அறிவுச்செல்வன் சிவப்பு மையால் அத்தனை அம்புகளையும் திருப்பிப் போட்டார். பதில்கள் சேர்ந்து விசுவாசத்தை உண்டாக்கவில்லை அம்மா, கண்ணுக்குத் தெரியாத விசுவாசம்தான் உள்ளே உட்கார்ந்துகொண்டு பதில்களைச் சொல்ல வைக்கிறது என்றார். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு குட்டி வட்டமும் போடச் சொன்னார். அது பிசகு. உயிரோடிருக்கிற மனுஷர் பதில் சொன்னால் கொஞ்சம் பிசகு இருந்தே தீரும்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பதினோரு மணிக்கு, அவள் கலியமூர்த்தி வீட்டுக் கதவைத் தட்டினாள். மைன்ஸில் பெரிய வெட்டு இயந்திரம் ஓட்டுகிறவர், ரிட்டயர்மென்டுக்கு ஒரு வருஷம் பாக்கி. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். ஃபாரத்தின் முதல் வரியே இதுதான்: வீட்டுக்குச் சாமான் வாங்க முடிவு செய்பவர் பெயர். அவரிடம்தான் பதில் வாங்க வேண்டும் என்பது விதி.

"கண்ணகின்னு எழுதிக்கம்மா. எல்லாம் அவதான். எனக்கு இன்னா தெரியும், கொண்டான்னா கொண்டாருவேன்" என்றார் கலியமூர்த்தி. "இரு, கேட்டுகினு வர்றேன்."

ஒவ்வொரு கேள்விக்கும் எழுந்து, திரையை விலக்கி, உள்ளறைக்குப் போய்த் திரும்பினார். இருபத்து நாலு கேள்வி, இருபத்து நாலு தடவை. உள்ளே அவர் முணுமுணுப்பது மட்டும் கேட்டது. சண்முகப்பிரியா இதை வித்தியாசமாக நினைக்கவில்லை. வெளி ஆள் முன்னால் வராத பெண்கள் உண்டு, எழுந்திருக்க முடியாதவர்களும் உண்டு. ஒரே ஒரு தடவை மட்டும், பதினொன்றாவது கேள்விக்கு, அவர் முகம் மாறித் திரும்பி வந்தார். விலை ரொம்ப ஜாஸ்தி என்கிறாளாம், இத்தனை வருஷத்தில் தன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். ஐந்து, அதாவது முழுக்க ஆமாம், என்று டிக் போட்டுக்கொண்டாள். ஃபாரம் நம்பர் நூற்று எண்பத்தேழு.

இரண்டு வாரம் கழித்து முப்பது பேரிடம் மட்டும் அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும். பதில் நிலைத்து நிற்கிறதா என்று பார்க்க அது ஒரு வழக்கம். நூற்று எண்பத்தேழும் அந்த முப்பதில் வந்தது. மறுபடி போனாள், மறுபடி அவர் உள்ளே போய்ப் போய் வந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு ஃபாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் ஒரு மாதிரி இருந்தது. மற்ற இருபத்தொன்பது பேருக்கும் நாலைந்து பதிலாவது நகர்ந்திருந்தது. போன தடவை நாலு என்றவர் இந்தத் தடவை மூன்று என்பார், மனுஷர் என்றால் அப்படித்தான். கண்ணகிக்கு மட்டும் ஒன்றுகூட நகரவில்லை.

அறிவுச்செல்வன் அந்த இரண்டு தாள்களையும் மேஜையில் போட்டார்.

"இது வீட்ல உக்காந்து எழுதுன ஃபாரம்மா. உயிரோட இருக்கிற ஆள் இப்படிப் பதில் சொல்லாது" என்றார். "ஒண்ணு இப்படின்னா மிச்சத்த நான் எப்படி நம்புறது?"

அவள் கெஞ்சிப் பார்த்தாள். அவர் குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண்ணைப் போனில் பேச வை, இல்லாவிட்டால் கையெழுத்தைக் கேட்காதே என்று முடித்துவிட்டார். மரத்தடியில் உட்கார்ந்து நூறு ஃபாரம் நிரப்புகிற ஆட்கள் இருக்கிற தொழிலில், உச்சி வெயிலில் பிளாக் பிளாக்காக அலைந்தவளுக்கு இந்தப் பெயர். பஸ்ஸில் வரும்போது அழுதாள்.

அடுத்த ஞாயிறு நேராகக் கலியமூர்த்தி வீட்டுக்குப் போனாள். கண்ணகி அம்மாவிடம் தானே பேச வேண்டும், ஒரே ஒரு நிமிஷம் என்றாள். அவர் தயங்குவார் என்று நினைத்தாள். "போம்மா, உள்ளதான் இருக்கா" என்று திரையைக் காட்டிவிட்டு வெளி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

குவார்ட்டர்ஸ் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. ஒன்றைப் பார்த்தால் ஆயிரத்தையும் பார்த்த மாதிரி. அந்த அறை எவ்வளவு நீளம், ஜன்னல் எங்கே, அதற்கு வேறு கதவு கிடையாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். திரையை விலக்கினாள். ஒரு இரும்புக் கட்டில், சுருட்டி வைத்த பாய். சுவரில் மாலை போட்ட படம், அதன் மேல் ஒரு குட்டி சிவப்பு பல்பு. படத்தின் கீழே கண்ணகி என்றும், மறைவு 17.6.2012 என்றும் எழுதியிருந்தது. படத்துக்கு நேர் கீழே ஒரு ஸ்டூல், அதன்மேல் பிரிக்காத நீலப் பாக்கெட் சோப்புத்தூள்.

முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான். செத்துப்போன பெண்டாட்டியிடம் கேட்டுச் சொல்வதுபோல் ஆடி, என் ஆறு வருஷத்தைக் கெடுத்துவிட்டாரே இந்த மனுஷர். அவராகச் சொன்ன நம்பர்கள்தானே எல்லாம். சரி, அவருக்குத் தெரியாத ஒரு கேள்வி கேட்டால்? ஃபாரத்தில் இல்லாத கேள்வி. அவள் தாளின் அடியில் இருபத்தைந்து என்று எழுதினாள். படத்தைப் பார்த்து, வெளியே கேட்காத குரலில் கேட்டாள்.

"இத விட்டுட்டு வேற வாங்கலாம்னு எப்பவாவது தோணியிருக்குங்களா?"

அனல்மின் நிலையத்தின் இரைச்சல் நெய்வேலியில் யார் காதிலும் விழுவதில்லை, பிறந்ததிலிருந்து இருப்பது. அந்த இரைச்சல் நின்றுபோனதை அப்போது கேட்டாள். ஜன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறி ஓடவில்லை. ஈரத் துணி வாசனை வந்தது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தபோது தாளில் இருபத்தைந்துக்குப் பக்கத்தில் நாலு என்று எழுதியிருந்தது. பென்சில் அவள் கையில்தான் இருந்தது. எழுத்தும் அவள் எழுத்துதான். எழுதிய ஞாபகம்தான் இல்லை.

வெளியே வந்தாள். இரைச்சல் மறுபடி இருந்தது. தாளை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கலியமூர்த்தி ஏறிட்டுப் பார்த்தார்.

"நாலுன்னாளா?" என்றார். "கொஞ்ச நாளா சொல்லிக்கினுதான் இருக்கா, வேற தூள் பாக்கலாம்னு. மாத்திடணும்."

சண்முகப்பிரியா பயந்தாள். செருப்பைச் சரியாக மாட்டாமலே மெயின் ரோடு வரை நடந்தாள். பகல் இரண்டு மணி, ரோடு நிறைய ஷிப்ட் முடிந்த சைக்கிள்கள், ஆனாலும் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

வழிகாட்டியிடம் உள்ளதைச் சொன்னாள், இருபத்தைந்தாம் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு. அவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் நம்பிவிட்டார் என்றுதான் தோன்றியது. செத்தவர் பதில் டேட்டா ஆகாது, எடுத்துவிடு என்றார். மொத்தம் முந்நூற்றொன்று வாங்கியிருந்தாள். எடுத்தால் சரியாக முந்நூறு. முந்நூறுக்கு ஒன்று குறைந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று ஆரம்பத்திலேயே சொன்னவர் அவர். வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்து வாங்கிக்கொள் என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம், தாள்களை அடுக்கும்போது ஒன்றாம் நம்பர் ஃபாரம் மேலே வந்தது. அது அவளுடையதே. ஊரைக் கேட்பதற்கு முன்னால் நீயே ஒரு தடவை நிரப்பி எத்தனை நிமிஷம் ஆகிறது பார் என்று அவர் சொல்லியிருந்தார். எட்டு நிமிஷம் ஆயிற்று. ஆரம்பக்காரியின் அசட்டுத்தனம், அதையும் மற்றதோடு சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டிருந்தாள். இப்போது ஒரு வெற்றுத் தாளை எடுத்து, பழையதைப் பார்க்காமல் நிரப்பத் தொடங்கினாள். நாலைந்தாவது நகரும், உயிருள்ள ஆள் இப்படித்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மற்ற வேலையைப் பார்க்கலாம் என்பது அவள் எண்ணம்.

இருபத்து நாலும் அப்படியே இருந்தன. ஒன்றுகூட நகரவில்லை.

அடுப்பங்கரை அலமாரியில் நீலப் பாக்கெட் இருந்தது. அந்த வாசனை அவளுக்குப் பிடிக்காது, விரலெல்லாம் அரிக்கும். ஆனாலும் மாற்ற வேண்டும் என்று ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. உப்பு அந்த டப்பாவில்தான், விளக்குமாறு அந்த மூலையில்தான். இந்தக் கல்லூரி, இந்தப் படிப்பு, வந்த வரன்களை எல்லாம் படிப்பு முடியட்டும் என்று திருப்பி அனுப்பியது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தானே முடிவு செய்ததாக இத்தனை நாள் நம்பியிருந்தாள். இங்கேயும் அம்புகளைத் தப்பான பக்கம் போட்டு வைத்திருந்தாள். அடுப்பங்கரையிலிருந்து ஈரத் துணி வாசனை வந்தது. அன்றைக்கு அவள் துணி துவைக்கவில்லை.

புதுத் தாளின் முதல் வரியைப் பார்த்தாள். வீட்டுக்குச் சாமான் வாங்க முடிவு செய்பவர் பெயர். அதில் அவள் கையெழுத்தில், அம்மாவின் பெயர், சாமியம்மாள் என்று எழுதியிருந்தது.

பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு வழிகாட்டிக்குப் போன் செய்தாள்.

"சார், இன்னொரு ஃபாரமும் எடுக்கணும் சார். பதில் சொன்னவங்க உயிரோட இல்ல."

எடுத்தால் முந்நூறு வராதே, கையெழுத்தே வேண்டாமா என்று அவர் எரிச்சலாகக் கேட்டார். வெளியே போய் இன்னொருவரைக் கேட்டு வாங்குகிறேன், டிசம்பருக்குள் முடிந்தால் முடியட்டும் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. எந்த நம்பர் என்றார் அவர்.

"ஒண்ணாம் நம்பர் சார்" என்றாள்.