போர்மேன் சொன்ன கொரியப் படம்

எங்கள் போர்மேன் அண்ணன் என்றதும் அவர் கையில் மெகாபோன் பிடித்து நின்ற காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். ஹெல்மெட் போடு, பெல்ட் மாட்டு என்று தினமும் காலையில் கத்துவதற்காகக் கம்பெனி அவருக்குக் கொடுத்த மெகாபோன் அது. ஆனால் நான் சொல்லும் காட்சியில் அவர் சைட்டில் இல்லை. துபாயில், ஜெபல் அலி கேம்ப் மெஸ் ஹாலில், சுவரில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை கொரியப் படம் ஓட, அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று, அந்தப் படத்திலிருக்கும் விதவைப் பெண்ணுக்காகத் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறார். மீசை வைத்த ஐம்பது வயது ஆள் பெண் குரலில் பேசியும் அன்று எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் கம்பெனி கொரியர்களுடையது. அவர்களுடைய அறுவடைப் பண்டிகைக்கு ஒருநாள் சைட்டை மூடிவிடுவார்கள். அந்த வருடம் எங்கள் கொரிய இன்ஜினியருக்கு என்ன தோன்றியதோ, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சின்ன வயதில் அம்மாவோடு கொட்டகையில் போய்ப் பார்த்த படமாம், அம்மா தேம்பித் தேம்பி அழுதாராம். படத்தில் கீழே ஆங்கில எழுத்துகூட ஓடவில்லை. போர்மேன் இருக்க பயமேன் என்று எல்லோரும் அண்ணனைப் பிடித்துக்கொண்டோம். அவர் சவுதியில், யான்புவில் பதினோரு வருடம் கொரியர்களிடம் வேலை பார்த்தவர். அவர்கள் பாஷையில் சண்டையே போடுவார் என்பது கேம்ப் முழுக்கப் பேச்சு. தினம் நூறு தடவை "பல்லி பல்லி" என்று எங்களை விரட்டுவார். சீக்கிரம் சீக்கிரம் என்று அர்த்தம். புதிதாக வந்தவன் சுவரைப் பார்ப்பான். அண்ணனுக்கு அந்தப் பேச்சில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "எனக்குத் தெரிஞ்ச கொரியா பாஷை கொரியாக்காரனுக்கே தெரியாதுப்பா" என்பார். அது முழு உண்மை என்று தெரிய எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

அன்றைக்கு எனக்குப் படம் பார்க்கும் மனநிலையே இல்லை. ஊரில், அரியலூர் பக்கம், என் தங்கைக்கு இருபத்தாறு வயதில் புருஷன் பைக் விபத்தில் போய்விட்டான். இரண்டு வயதுப் பெண் குழந்தை. இரண்டு வருடம் கழித்து, பால் சொசைட்டியில் பால் அளக்கும் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று எனக்கே போன் செய்து கேட்டார். மரியாதையாகத்தான் பேசினார். வேறு சாதி. எங்களில் தாலி அறுத்த பெண்ணுக்கு மறுபடி கட்டும் வழக்கமே கிடையாது, இதில் வேறு சாதி வேறு. அப்பா இல்லாத வீட்டில் என் வார்த்தைதான் முடிவு. நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நீ வேணாம்னா நான் செய்ய மாட்டேண்ணே. ஆனா உன்னாலதான்னு யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு போனில் "சாப்ட்டியா" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்பதில்லை. அந்த மனிதருக்கு அவர் வீட்டில் வேறு பெண் பார்த்து, அந்த வாரக் கடைசியில் தட்டு மாற்றப்போகிறார்கள் என்று அம்மா மூலமாகத் தெரியவந்தது. ஒழிந்தது என்று நிம்மதியாக இருக்க வேண்டியவன், மூன்று நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தேன்.

படத்திலும் ஒரு இளம் விதவை. பெரிய வீட்டு மருமகள், வெள்ளை உடுப்பு, தலையில் கறுப்புத் தொப்பி வைத்த மாமனார். ஆற்றுக்கு அக்கரையில் புருஷனின் சமாதி. அங்கே போகவர அவளைப் படகில் ஏற்றிச் செல்பவன் ஒரு படகுக்காரன், கீழ்ச்சாதிக்காரன். அண்ணன் சொன்னபடி என்றால், முதல் அரைமணி நேரம் இருவரும் தண்ணீர் மட்டத்தைப் பற்றியே பேசினார்கள். பிறகு ஒருநாள் மழையில் அவன் தன் ஓலைப் போர்வையை அவளுக்குக் கொடுக்கிறான். மாமனார் அதைப் பார்த்துவிடுகிறார். "ஊரு என்னம்மா பேசும்?" என்று அண்ணன் மெகாபோனில் உறுமியபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். போன மாதம் நான் என் தங்கையிடம் கேட்ட அதே கேள்வி. வார்த்தைகூட மாறவில்லை. இவருக்கு யார் சொன்னார்கள் என்று ஒரு நிமிடம் சந்தேகமே வந்துவிட்டது. நான் என் வீட்டு விஷயத்தை யாரிடமும் மூச்சு விட்டவனில்லை.

கடைசியில் மாமனார் அவளை எதிரே உட்காரவைத்து நெடுநேரம் பேசினார். அவள் தலை குனிந்து கேட்டாள். அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் செஞ்சது தப்பும்மா. ஊருக்குப் பயந்து உன்னய உசுரோட பூட்டி வச்சிட்டேன். ஊரா வந்து உனக்குக் காய்ச்சலுக்குக் கஞ்சி வைக்கப்போவுது? நீ அவனோட போ, நல்லா இரு." அடுத்த காட்சியில் வீட்டு வாசலுக்கு முன்னால் ஆட்கள் இரண்டு தூண் நட்டு, மேலே சின்னக் கூரை வைத்து, சாயம் அடித்து, எழுத்துப் பலகை மாட்டினார்கள். ஊரே கூடி நின்றது. "கல்யாணத்துக்கு வளைவு கட்டுறாங்க!" என்று அண்ணன் கத்த, மெஸ் ஹால் முழுக்கக் கைதட்டல். அவள் ஆற்றங்கரையில் நின்று அழுதாள். படகு தூரமாகப் போனது. "சாமானெல்லாம் அக்கரையில எறக்கி வச்சிட்டு வரேன், அடுத்த நடையில நீ ஏறிக்கன்னு சொல்லிட்டுப் போறான்" என்று முடித்தார். கொரிய இன்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், எங்கள் கைதட்டலைக் கேட்டுக் கொஞ்சம் குழம்பிப்போய்த் திரும்பிப் பார்த்தது இப்போதும் நினைவிருக்கிறது.

நான் நேராகத் தண்ணீர் டேங்க் பக்கம் போய்த் தங்கைக்கு போன் போட்டேன். "அந்தாள் நம்பர அழிச்சிட்டேன் பாப்பா. நீயே சொல்லிடு. தட்டெல்லாம் மாத்த வேணாம், எங்கண்ணன் சரின்னுட்டாருன்னு சொல்லு" என்றேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ ஹலோ என்றேன். "நெசமாவாண்ணே?" என்றவள் அதற்கு மேல் பேச முடியாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். திட்டு வாங்கிக்கொண்டே அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. சித்தப்பா இன்றுவரை அந்த வீட்டில் கை நனைப்பதில்லை. ஊர் மூன்று மாதம் பேசியது, பிறகு அதற்கு வேறு கதை கிடைத்துவிட்டது.

இப்போது நான் பர் துபாயில் ஒரு ஜவுளிக்கடை கோடவுனில் ஸ்டோர்கீப்பர். அண்ணன் விசா கேன்சல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. தங்கை மகள் பதினொன்றாம் வகுப்பு. அவளுக்கு எந்நேரமும் கொரியா சீரியல்தான், சாப்பிடவும் நன்றி சொல்லவும் அந்தப் பாஷை. போன மாதம் பேச்சுவாக்கில் இந்தப் படத்தின் கதையைச் சொன்னேன். இரண்டே நாளில் தேடிப் பிடித்து அனுப்பிவிட்டாள், கீழே ஆங்கில எழுத்தோடு. வெள்ளிக்கிழமை மதியம், ரூமில் எல்லோரும் தூங்க, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். மாமனார் தப்பு என்று சொல்லவே இல்லை. இந்த வீட்டுச் சுவரைத் தாண்டினால் உன் பிணம்தான் தாண்டும் என்கிறார். அந்த வளைவு கல்யாண வளைவும் இல்லை. மறுமணம் செய்துகொள்ளாத விதவையின் கற்பை மெச்சி, அவள் வாசலில் அந்தக் காலத்தில் அரசாங்கமே நிறுத்தும் கௌரவ வாசலாம். அதனால்தான் அவள் ஆற்றங்கரையில் நின்று அழுகிறாள். படகுக்காரன் திரும்பி வரவேயில்லை.

அன்றைக்கு இந்த எழுத்து கீழே ஓடியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? உலகம் பூராவும் இதுதான் வழக்கம் போல என்று இன்னும் அழுத்தமாக உட்கார்ந்திருப்பேன். என் சுபாவம் எனக்குத் தெரியும். உடனே அண்ணனுக்கு அடித்தேன். "ஏண்ணே, அந்தப் படத்த எங்களுக்காக மாத்திச் சொன்னீங்களா?"

"மாத்தறதா? எனக்கு என்னப்பா தெரியும்? சிமெண்ட்டு, கம்பி, மேல, கீழ, சீக்கிரம், அவ்ளோதான் என் பாஷை. அத்தன பேரு முன்னால தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. வளைவு கட்டினான், ஊரு கூடுச்சு. கல்யாணம்னு நெனச்சேன்."

"அவ அழுதாளேண்ணே?"

"கல்யாணத்துல பொண்ணு அழுவாதா?"

நான் மேற்கொண்டு எதையும் சொல்லவில்லை. தங்கையிடம் மட்டும் சொன்னேன், படம், மெகாபோன், வளைவு எல்லாம். இத்தனை வருடம் அவளுக்கும் தெரியாது, நான் தானாகவே மனம் மாறினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். "நல்லவேளை, அவருக்குக் கொரியா பாஷ தெரியல" என்றாள். பின்னால் அவள் வீட்டுக்காரர் எதற்கோ சிரிப்பது கேட்டது. "அவரு நம்பரக் குடுண்ணே."

மறுநாள் அண்ணனிடமிருந்து போன். "யோவ், உன் தங்கச்சியாம், போன் பண்ணி நன்றி சொல்லுது, அழுவுது. நான் என்னய்யா பண்ணேன்?" என்றார். பயந்தே போயிருந்தார். அப்போதுதான் முழுவதையும் சொன்னேன். நான் முடியாது என்றது, தட்டு மாற்ற இருந்தது, தண்ணீர் டேங்க் பக்கம் நின்று பேசியது, எல்லாவற்றையும். கேட்டு முடித்ததும் இருமிக்கொண்டார்.

"இப்ப நல்லா இருக்கா அந்தப் புள்ள?"

"நல்லா இருக்காண்ணே. ரொம்ப நல்லா இருக்கா."

"அப்ப நான் படத்தச் சரியாத்தானய்யா சொல்லிருக்கேன்" என்றார், பழைய பெருமையோடு.