மணலில் வந்த பிள்ளையார்

காய்ந்துகொண்டிருந்த மிளகாயில் மணல் விழுந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். வீட்டுக்கார அம்மா முறத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாமே, ஊட்ட மணல் கெடங்கா ஆக்கிட்டீங்களா? இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க."

எனக்கு அப்போது ஏழாவது மாதம். கருவாட்டுக் குழம்பு இருந்தால்தான் சோறு தொண்டையில் இறங்கும் காலம். வயிற்றில் பிள்ளையோடு வீடு மாறக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் கண்டிப்பு. என் அம்மா கேள்விப்பட்டால் மார்பில் அடித்துக்கொண்டு வருவாள். அதோடு எழுபதுகளில் பாடியிலும் அம்பத்தூரிலும் கம்பெனிகள் பெருகி, மேனாம்பேட்டில் ஒரு போர்ஷன் காலியானால் சாயங்காலத்துக்குள் வேறு ஆள் பால் காய்ச்சிவிடும். நாங்கள் எங்கே போவது?

எல்லாம் என் வீட்டுக்காரர் செய்த வேலை. பாடியில் ஒரு கம்பெனியில், வார்ப்பு இரும்பின் மேல் மணலைக் காற்றோடு பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்வது அவர் தொழில். அதே மணலைக் கண்ணாடியில் அடித்தால் பட்ட இடம் மட்டும் வெள்ளையாகி, படமாக நிற்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதருக்கு வேறு நினைப்பில்லை. காயலான் கடையில் மணல் அடிக்கும் பழைய துப்பாக்கி ஒன்றைப் பிடித்தார். பஞ்சர் கடையில் கழித்துப்போட்ட காற்று டேங்க்கும் மோட்டாரும் வந்தன. ஒரு தேயிலைப் பெட்டியில் கை நுழைக்க ஓட்டை போட்டு, லாரி டியூபை உறை மாதிரி மாட்டினார். மேலே எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடித் துண்டு. மோட்டாரைப் போட்டால் வீட்டுக்கார அம்மாவின் பல்பு மங்கும், ஃபேன் யோசித்து யோசித்துச் சுற்றும். மணலைச் சலிக்க என் மாவுச் சல்லடை போயிற்று. ஈரமிருந்தால் துப்பாக்கி அடைத்துக்கொள்ளும் என்று மணலை மாடியில் காயவைத்தார். பக்கத்தில்தான் அந்த மிளகாய்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"பூஜை ரூம் கதவுக்குக் கண்ணாடி வாங்கி வெச்சிகிறீங்களேம்மா, அதுல ஒரு புள்ளையார் போட்டுத் தரேன். புடிக்கலன்னா நாங்களே மூட்டையக் கட்டிடறோம்."

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "அழகா வந்தா இருங்க. கெட்டுப்போச்சு, அன்னிக்கே கெளம்பணும்."

அந்த அம்மாவின் தலை மறைந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "யோவ், குந்தியிருக்கற ஊட்டயே பந்தயம் கட்றியா? இதுவரைக்கும் ஒரு கண்ணாடியாவது உருப்படியா வந்துகீதா?"

எப்படி வரும்? மைதா பசையில் காகிதம் ஒட்டிப் படம் வெட்டினோம். மணல் பட்டதும் காகிதம் பஞ்சாகப் பறந்தது. துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்ததில் ஜன்னல் கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றாக விரிசல் விட்டன. இப்போது கையில் இருப்பது ஒரே கண்ணாடி, அதுவும் அடுத்தவருடையது.

பெட்டியில் மாட்டிய டியூபைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புத்தியில் பட்டது. அத்தனை மணலிலும் ரப்பர் அப்படியே இருந்தது. மிச்ச டியூபைக் கிழித்து விரித்தேன். காலண்டர் பிள்ளையாரை அதன்மேல் வரைந்து, மணல் பட வேண்டிய இடத்தையெல்லாம் பிளேடால் வெட்டி எடுத்தேன். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் தடவிக் கண்ணாடியில் ஒட்டினேன். தும்பிக்கையை மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். பிள்ளையாருடைய இடக்கைப் பக்கம் திரும்பியிருந்தால்தான் வீட்டுப் பிள்ளையார். வலக்கைப் பக்கம் திரும்பினால் வலம்புரி. அவருக்கு ஆசாரம் ஒரு நாள் தவறக்கூடாது, தவறினால் சும்மா விடமாட்டார் என்று எங்களில் எல்லோரும் வீட்டில் வைக்கப் பயப்படுவார்கள்.

மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் அடிக்க ஆரம்பித்தார். நான் வெளியே சுவிட்சில் கைவைத்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்க்கும் துண்டும் மணல் பட்டு வெள்ளையாகிவிட்டது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. இனி காதுதான் கண். கண்ணாடியில் பட்டால் சீறல், ரப்பரில் பட்டால் மொத்தையான சத்தம். திடீரென்று 'டிக்' என்று கேட்டது. சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தேன். போயிற்று, வீடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

சலிப்பில் தப்பிய ஒரு பொடிக்கல், பெட்டி விளிம்பில் அடித்திருந்த தகரத்தில் பட்டிருக்கிறது. ரப்பரை உரித்தோம். கையில் கொழுக்கட்டை வரைக்கும் பிள்ளையார் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் சிரித்தார், நான் அழுதேன்.

வெள்ளிக்கிழமை ஆசாரி வந்து கண்ணாடியைக் கதவில் நிறுத்தினார். வீட்டுக்கார அம்மா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய கையோடு ஓடிவந்து, "எப்டி வந்துகிறாரு!" என்று பிள்ளையாரின் தொந்தியைத் தடவினார். வெள்ளையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. முந்தானையால் துடைத்தார், கறை இன்னும் பரவியது. சொரசொரப்பில் எண்ணெய் ஏறும் என்று யாருக்குத் தெரியும்?

"சொரசொரப்பு உள்பக்கம் இருக்கணும்மா, வழவழப்பு வெளிய வரணும்," என்று ஆசாரி கண்ணாடியைத் திருப்பி மாட்டினார்.

எனக்கு முன்னால் அந்த அம்மா பார்த்துவிட்டார். தும்பிக்கை வலக்கைப் பக்கம் இருந்தது.

"ஐயோ, வலம்புரி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆசாரி மறுபடி திருப்பப் போனார். "தொடாதய்யா! ஒரு தபா அப்படி நின்னுட்டாரு, இனி நாம யாரு மாத்தறதுக்கு?"

நான் மனதுக்குள் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன். அந்த அம்மா என் வயிற்றைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார்.

"என்னால ஆசாரம் பாக்க முடியாது. ஊட்டுக்கு வந்தவர வெளிய அனுப்பவும் கூடாது. கதவுலேருந்து எடுத்து உன் ரூம்ல நிக்க வெச்சிக்க. நீதான் பாத்துக்கணும். எங்கயும் போவ வேணாம். ஆனா அவரு கீற எடத்துல கவுச்சி கூடாது, சொல்லிட்டேன்."

வீடு நிலைத்தது. கருவாடு போயிற்று. ரசத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டியது. இந்தத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவனை மனதாரத் திட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கார அம்மாவின் அடுப்பிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனை கிளம்பி வந்தது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று கதவைச் சாத்தினேன். கதவு தட்டப்பட்டது.

"இன்னாத்துக்குமே கதவ சாத்திக்கினு கீற? அவரு உன் ஊட்டுலதான கீறாரு, என் ஊட்டுல இல்லியே. வா, வந்து துண்ணு. வயித்துப்புள்ள ஏங்கிப் போவப்போவுது."

வீட்டுக்கார அம்மாவின் சமையலறையில் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, தட்டு நிறையத் தின்றேன். அந்த அம்மா பரிமாறிக்கொண்டே இருந்தார்.